டைனா போக வேண்டிய வழி

இல்ல தம்பி, நீங்க சொல்றது எனக்கு நல்லாப் புரியுது. காதுதான் கொஞ்சம் மந்தம், மண்டை இன்னும் வேலைக்குப் போயிட்டு வந்துக்கிட்டுதான் இருக்கு. மேல் நிலம் உங்களுது. செவரு உங்களுது, கேட்டு உங்களுது, அதுல தொங்கற பூட்டும் உங்களுது. அந்த வழியா பொணப்பெட்டி எதுவும் போகக்கூடாதுங்கறீங்க. என் வீட்டுக்காரி டைனா, நான் செத்தா அந்த வழியாத்தான் கிர்க்ஹாலன் சர்ச்சுக்குப் போவேன்னு சொல்லிட்டா. நடுவுல நான் மாட்டிக்கிட்டேன். எண்பத்தாறு வயசுல ஒருத்தன் வந்து நிக்கற எடமா இது?

வக்கீல அனுப்பாம நீங்களே நடந்து வந்தீங்க பாருங்க, அதுக்குத்தான் இந்த டீ. வக்கீல் வந்திருந்தா பச்சத்தண்ணிதான். இஞ்சி கேக்கு எடுத்துக்கோங்க. கொஞ்சம் கெட்டிதான், டீயில முக்கிக் கடிங்க. நான் பண்ணது. டைனா பண்ணது மாதிரி வராது.

மெதுவாப் பேசிக்கலாம், என்ன. அடுத்த ரூம்லதான் இருக்கா. ஜன்னல் பக்கத்துல, அவ நாற்காலியில. படுக்கையே வேணாம்னுட்டா போன வாரமே. உக்காந்தா மலை தெரியுது, படுத்தா கூரைதான் தெரியுது, கூரையை எனக்குக் கல்யாணமான நாள்லேருந்தே தெரியும்னா. இல்லல்ல, போய்ப் பாக்க வேணாம். இன்னிக்கு யாரையும் பாக்கற நெலமையில இல்ல. ஹில்டா கூட இருக்கு. நெட் பர்கெட்டோட சம்சாரம். நெட்டத் தெரியுமே உங்களுக்கு, உங்க கீழ் நிலத்துல ஆடு மேய்க்கறானே, அவன்தான். வலியா? இல்ல தம்பி. நேத்து சாயங்காலத்துலேருந்து வலியே இல்ல.

சரி, ஒண்ணு கேக்கறேன். ஒரு தடவ பொணம் போயிட்டா அந்த நிலம் ஊருக்கே பொது வழி ஆயிடும்னு உங்களுக்கு யாரு சொன்னது? பப்லயா. அதான பாத்தேன். அடுப்புப் பக்கத்து பெஞ்சுல உக்காந்து சொல்லியிருப்பாங்க. அது என் பெஞ்சு. நான் சொன்னதத்தான் அவனுங்க உங்களுக்குத் திருப்பி வித்திருக்கானுங்க.

வக்கீல் என்ன சொன்னாரு? சட்டத்துல அப்படி ஒரு வரியே கெடையாதுன்னாரா. அப்பறம் என்ன? ம்ம். இருந்தாலும்னாரா. இருந்தாலும் எதுக்கு வம்புன்னு. பாத்தீங்களா, லண்டன்ல படிச்ச வக்கீலு, அவருக்கும் உள்ளுக்குள்ள அரிக்குது. இந்த நாட்டுல எங்க எல்லாருக்குமே அந்த அரிப்பு உண்டு. ராணி கையெழுத்துப் போட்டாக்கூடக் கெடைக்காத வழி, பொணம் போனா கெடைச்சுடும்னு நெனைப்பு. இல்லாத சட்டத்துக்கு இந்த ஊரு பயப்படற மாதிரி, இருக்கற சட்டத்துக்கு என்னிக்கும் பயந்ததில்ல.

எங்க தாத்தா காலத்துல ஹாபெக் ஆளுங்க, நம்ம ஊருதான், இதே ஊரு, பப்புக்குக் குறுக்கு வழி வேணும்னு ஏங்கிக் கெடந்தாங்க. ரோடு வழியாப் போனா சுத்து. குறுக்கால போனா ஒரு கஞ்சப்பயலோட மூணு நிலத்தத் தாண்டணும். யாராவது சாவாங்களான்னு ஊரே காத்துக்கிட்டு இருந்துச்சு. கடைசில ஜோன்டின்னு ஒருத்தன் போய்ச் சேந்தான், நூத்தி இருபது கிலோவுக்கு மேல இருப்பான். சர்ச்சு கெழக்க, பப்பு மேக்க. பெட்டியத் தூக்கிக்கிட்டு எல்லாரும் மேக்கால நடக்கறாங்க. கஞ்சப்பய ஓடி வந்து எங்கடா போறீங்கன்னு கத்தறான். செத்தவனோட கடைசி ஆசைங்கறாங்க. பப்பு வாசல்ல பெட்டிய எறக்கி வெச்சுட்டு உள்ள போனவங்க வெளிய வர்றதுக்குள்ள ரெண்டு பொழுது போயிடுச்சு. அதுக்குள்ள பெட்டி மேல கோழி முட்ட போட்டிருந்துச்சு. அந்த வழி இன்னிக்கும் இருக்கு, போய்ப் பாருங்க.

சிரிக்கறீங்க. நல்லது. பொய்யின்னு தெரிஞ்சே சிரிக்கறது ஒரு நல்ல மனுஷனுக்கு அழகு.

உங்க பலகை நல்லா இருக்கு. பச்சப் பெயின்ட்டு, வெள்ள எழுத்து. நடப்பவர்கள் உரிமையாளர் அனுமதியுடன் செல்லலாம், சவப்பெட்டி கொண்டு செல்லக் கூடாது. அதுக்கு மேல பெரிசா, லிச் வழி எனச் சொல்லப்படுவது. அந்தச் சொல்லப்படுவதுதான் எனக்குக் கொஞ்சம் வருத்தம். ஆயிரம் வருஷமா எங்க ஆளுங்க லிச் வழின்னு சொல்லிக்கிட்டு வர்றோம், நீங்க பெயின்ட்டு ஈரம் காயறதுக்குள்ள சந்தேகப்பட்டுட்டீங்க.

அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியுமா உங்களுக்கு? ஃபோன்ல தேடிப் பாத்தீங்களா. என்ன வந்துச்சு? எலும்புக்கூடு, தலையில கிரீடம், கண்ணுல பச்சை நெருப்பா! ஆமாமா, உங்க பொண்ணு எனக்குக் காட்டிச்சு. ஏதோ கம்ப்யூட்டர் விளையாட்டுல லிச்னா சாகமாட்டேன்னு அடம்பிடிக்கற ஒரு செத்த ராஜாவாம். மந்திரம் போடுவானாம். உங்க பக்கத்து வீட்டுப் பேரு அதுதான தாத்தா, லிச் காட்டேஜுன்னு கேட்டுச்சு. ஆமா கண்ணு, அந்த ராஜா வாடகை கட்ட முடியாம இப்ப அத லீவுக்கு வர்றவங்களுக்கு விடறாருன்னேன்.

இல்ல தம்பி, அது கம்ப்யூட்டர் விளையாட்டு பண்ற பசங்க நேத்து ஒட்டின வாலு. வார்த்தை ரொம்பப் பழசு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி பிரெஞ்சுக்காரங்க கப்பல்ல வந்து இந்த நாட்டப் புடிச்சாங்களே, அதுக்கும் முன்னாடி. இத நான் கதையாச் சொல்லல. பல்கலைக்கழகத்துலேருந்து ஒரு அம்மா வந்தாங்க, சின்ன ரெக்கார்டரு ஒண்ணு வெச்சுக்கிட்டு, பழைய வார்த்தையெல்லாம் பொறுக்கறதுக்கு. நீங்க உக்காந்திருக்கற அதே நாற்காலி. ஒரு வாரம் என்கிட்ட கதை கேட்டாங்க. நான் விட்ட புளுகு அத்தனையும் பதிவாச்சு. பாவம்னு கடைசி நாளு அவங்க எனக்கு ஒரு உண்மையைச் சொல்லிட்டுப் போனாங்க.

லிச்னா மொதல்ல ஒடம்பு. வெறும் ஒடம்பு. பொணம் இல்ல. கத்தி பிடிச்சவன் ஒடம்பும் லிச்சு, புள்ளைக்குப் பால் குடுக்கறவ ஒடம்பும் லிச்சு. குளிச்சா லிச்சுதான் நனையும், குளுந்தா லிச்சுதான் நடுங்கும். அதுலேருந்து இன்னொண்ணு பிறந்துச்சு. ஒருத்தன மாதிரியே ஒடம்பு இன்னொருத்தனுக்கு இருந்தா, இவனும் அவனும் ஒரே லிச்சும்பாங்களாம். இப்ப லைக்குங்கறோமே, இது மாதிரி அது மாதிரின்னு, அந்த லைக்கு அங்கேருந்துதான் வந்துச்சாம். உங்க பொண்ணு நாள் பூரா கட்டை விரல வெச்சு அமுக்கிக்கிட்டு இருக்கே, அந்த லைக்கும் அதே வம்சமாம். நான் நம்பல. புத்தகத்தக் காட்டினாங்க.

அப்பறம் என்ன ஆச்சுங்கறீங்க. வார்த்தைக்கும் வயசாகுமில்ல. பாடின்னு இன்னொரு வார்த்தை கூடவே இருந்துச்சு, அது உசுரோட இருக்கறவங்க பக்கம் போய் உக்காந்துக்கிச்சு. லிச்ச மெல்லமா நகத்தி நகத்தி செத்தவங்க பக்கம் தள்ளிட்டாங்க. பொணத்துக்குப் பக்கத்துல முழிச்சிருக்கறதுக்கு ஒரு பேரு, அதுல லிச்சு. ராத்திரி அலறற ஆந்தைக்கு ஒரு பேரு, அதுலயும் லிச்சு. அப்பறம் பிரெஞ்சுக்காரன் பொணத்துக்கும் கார்ப்ஸ்னு ஒரு வார்த்தைய எடுத்துக்கிட்டு வந்துட்டான். அங்கேயும் எடம் போச்சு. கடைசில மிஞ்சினது சர்ச்சு வாசல்ல ஒரு கூரை போட்ட கேட்டு, மலையில ஒரு வழி. இப்ப அந்த கேட்டுல நின்னு கல்யாண ஜோடிங்க போட்டோ எடுத்துக்குதுங்க. லிச்ஃபீல்டுன்னு ஒரு ஊரே இருக்கு, அங்க இருக்கறவன் பொணக்காடும்பான், பெருமையா. அதுவும் இல்லையாம். சாம்பல் நிறக் காடுன்னு அர்த்தமாம், இந்த வார்த்தைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையாம். பேரு கேட்டுப் பயந்தவன் எத்தனை பேரோ.

அந்த அம்மா இதச் சொல்லிக்கிட்டு இருந்தப்ப டைனா அங்க, அந்த மேடையில நின்னு மாவு பெசஞ்சுக்கிட்டு இருந்தா. திரும்பக்கூட இல்ல. அப்ப நானும் லிச்சுதானாம்மான்னு கேட்டா. ஆமாங்க, அந்தக் காலமா இருந்தா நீங்களும்தான்னாங்க. டைனா என்னப் பாத்து, கேட்டுக்கோ வில்ஃப், இத்தனை வருஷமா ஒரு லிச்சு கூடத்தான் படுத்து எந்திரிச்சிருக்கே, இன்னிக்கு ராத்திரி பயத்துல காலைப் போர்த்திக்கிட்டுத் தூங்குன்னா. அந்த அம்மா ரெக்கார்டர நிறுத்திட்டுச் சிரிச்சாங்க. நான் அதுல நூறு கதை சொல்லியிருப்பேன். நல்லா இருந்தது அது ஒண்ணுதான், அது பதிவாகல.

டைனா ஏன் அந்த வழிதான் வேணும்னு அடம்பிடிக்கறான்னு கேக்கறீங்க. கேக்காம இருந்திருந்தா நீங்க எந்திரிச்சுப் போயிருக்கலாம். கேட்டுட்டீங்க.

அறுபத்திமூணாம் வருஷத்துப் பனி கேள்விப்பட்டிருப்பீங்க. அந்த வருஷம் இங்க செவரெல்லாம் காணாமப் போச்சு. ஆடு நின்னபடியே ஒறஞ்சு போச்சு. இதுல நான் ஒரு வார்த்தையும் கூட்டல. எங்களுக்கு ஒரு பையன் பொறந்தான். லான்டின்னு பேரு வெச்சோம். பேரு வெக்கற அளவுக்குத்தான் இருந்தான். விடியறதுக்குள்ள போயிட்டான்.

ரோடு மூடிக் கெடக்குது, வண்டி வராது. மேல் நிலத்து முதுகுல மட்டும் காத்து பனியத் தள்ளிட்டு வழி விட்டிருந்துச்சு. நானே பெட்டி செஞ்சேன். தோள்ல தூக்கத் தேவையில்ல தம்பி, கக்கத்துல அடங்கிடுச்சு. நெட்டோட அப்பா முன்னாடி கழியால குத்திக் குத்தி வழி பாத்துக்கிட்டே போனாரு. டைனா படுக்கையில. எந்திரிக்கக்கூடாது. எந்திரிச்சுட்டா. அந்த ஜன்னல்லேருந்து நாங்க மேல் செவரத் தாண்டற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னா. செவருக்கு அந்தப் பக்கம் எறங்கினதும் நாங்க மறைஞ்சுட்டோம்.

அதுலேருந்து ஆரம்பிச்சா. செவருக்கு அந்தப் பக்கம் என்ன ஆச்சு வில்ஃப்? வலது பக்கம் போனீங்களா, இடது பக்கமா? அவன எங்கயாவது கீழ வெச்சியா? காத்து அடிச்சுச்சா அவன் மேல? நான் என்னன்னு சொல்ல? பனியில வழுக்கி விழுந்தோம்னு சொல்லவா? விழுந்தோம். சொல்லல. ஒரு வெள்ள முயலு கூடவே வந்துச்சு டைனான்னு சொன்னேன். பெட்டி பக்கத்துலயே குதிச்சுக் குதிச்சு வந்துச்சுன்னேன். அவ மூஞ்சி கொஞ்சம் தெளிஞ்சுது. அடுத்த வருஷம் அதே நாள்ல திரும்பக் கேட்டா. முயலு சர்ச்சு வரைக்கும் வந்து உள்ள எட்டிப் பாத்துச்சுன்னேன். அதுக்கு அடுத்த வருஷம் மணியடிக்கறவன் கால்ல உக்காந்துச்சுன்னேன். என்ன எல்லாரும் புளுகன்னு சொல்றாங்களே, நான் புளுகக் கத்துக்கிட்டது இப்படித்தான். ஒரே ஒரு ஆளுக்காகக் கத்துக்கிட்டேன், மிச்சத்த பப்புல செலவு பண்ணேன்.

ஒரு நாள் அவளே நிறுத்திட்டா. போதும் வில்ஃப், அந்த முயலுக்குக் கால் வலிக்கும். நானே ஒரு தடவ போய்ப் பாத்துக்கறேன்னா. எப்பன்னேன். என்னத் தூக்கிக்கிட்டுப் போறப்பன்னா. கல்லறைக்கு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ரோடு வழியாத்தான் வந்தா. அந்த வழியில கால் வெக்கல. அவன் நடந்து போகலியே, நான் மட்டும் ஏன் நடக்கணும்னா. அவனத் தூக்கிக்கிட்டுப் போன மாதிரிதான் என்னையும் தூக்கிக்கிட்டுப் போகணும், மொதல்ல வலது பக்கமா இடது பக்கமான்னு நான் பாக்கணும்னா.

இருங்க. கைக்குட்டைய அப்பறம் தேடலாம். நான் கேக்கறது ஒண்ணுதான். பெட்டி வேணாம். பெட்டி கூடாதுன்னு நீங்க சொல்லிட்டீங்க, உங்க நிலம், சரி. அவ நாற்காலியிலயே, அவ தொப்பியோட, சால்வையோட. நாற்காலிக் கால்ல ரெண்டு கழியக் கட்டி நாலு பேரு தூக்கிக்கிட்டுப் போவாங்க. இன்னிக்கே. நாளைக்குத் தாங்காது.

என்ன சொன்னீங்க? திரும்பச் சொல்லுங்க, இந்தப் பக்கம் காது.

உசுரோட இருக்கறவங்க யார் வேணும்னாலும், எப்ப வேணும்னாலும் போகலாம், நாற்காலியா இருந்தா என்ன, பல்லக்கா இருந்தா என்னங்கறீங்க. நல்ல மனசு தம்பி உங்களுக்கு. நான் இதுக்கு ஒண்ணும் சொல்லல. சாவி வெச்சிருக்கீங்களா? நெட்டு! டேய் நெட்டு! ஜன்னல் கிட்ட வா. இந்தா புடி. பிராஸர் சார் சாவி குடுத்துட்டாரு. போகலாமாம். மெதுவா, கல்லு பாத்து.

எல்லாம் தயாரா இருக்காங்களேன்னு பாக்கறீங்களா? வெயில் வந்திருக்கில்ல. இந்த மலையில வெயில் வந்தா எல்லாரும் எதுக்காவது தயாராத்தான் இருப்போம்.

நீங்க இங்கயே இருங்க. ஒத்தாசையா? வேணாம். நாலு பேரு இருக்காங்க. நெட்டு, அவன் பசங்க ரெண்டு பேரு, தபால்காரரு. ஹில்டா கூடவே போகுது. நீங்க வந்து தோள் குடுத்துட்டீங்கன்னா அப்பறம் அது எனக்குப் பெரிய கஷ்டமாப் போயிடும். ஏன்னு இப்பச் சொல்லத் தெரியல. இந்தப் பக்கம் வாங்க, இந்த ஜன்னல்ல நல்லாத் தெரியும்.

அதோ. கொல்லைப் பக்கமா வந்துட்டாங்க. நீலத் தொப்பி தெரியுதா? தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கினது. அதுதான் வேணும்னு முன்னாடியே எடுத்து வெச்சிருந்தா. கேட்டத் தெறந்துட்டாங்க. பாருங்க, தபால்காரரு பேசிக்கிட்டே போறாரு. நான்தான் சொன்னேன், சும்மா வாய மூடிக்கிட்டுப் போகாதீங்கடா, அவளுக்கு ஊர்ச் சேதி எல்லாம் சொல்லிக்கிட்டே போங்க, யார் ஆடு யார் வேலியில பூந்துச்சுன்னு எல்லாம்னு. அவளுக்குப் பிடிக்கும்.

காத்துதான் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு. குளுருமேங்கறீங்களா. அவளுக்கு உறைக்காது.

அந்தத் தட்டைக் கல்லுகிட்ட நிப்பாங்க. இந்த வழியாப் போன எல்லாரையும் அங்கதான் எறக்கி வெச்சு மூச்சு வாங்கறது. உங்க பொண்ணு அது மேல உக்காந்துதான சேண்ட்விச் சாப்பிடுது. ஐயய்யோ, அதுக்கு எதுக்கு மன்னிப்பு. சாப்பிடட்டும். லான்டிய அங்க கொஞ்ச நேரம் வெச்சேன். பாருங்க, இதத்தான் அவ கேட்டா, எங்கயாவது கீழ வெச்சியான்னு, இத நான் அவளுக்குச் சொல்லவே இல்ல. முயல்தான் சொன்னேன். இப்ப அவ நாற்காலியையும் அங்கதான் எறக்கறாங்க. சரி. தெரிஞ்சுக்கட்டும்.

தம்பி, இன்னும் ஒரு செவரு பாக்கி இருக்கு. அதத் தாண்டிட்டா உங்க நிலம் முடிஞ்சுது, அந்தப் பக்கம் பொது மேய்ச்சல். அதுக்குள்ள நான் உங்ககிட்ட ஒண்ணு குடுத்தாகணும். எங்க வெச்சேன், இந்தப் பையிலதான். இந்தாங்க. கூர் பாத்துப் புடிங்க.

குண்டூசிதான். தங்கமெல்லாம் இல்ல. தையல் டப்பாவுலேருந்து எடுத்தது. இது இங்க ஒரு பழக்கம். பப்புல இத உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டாங்க, சொன்னா உங்க பயம் போயிடுமே, அப்பறம் எதப் பேசிச் சிரிக்கறது. அடுத்தவங்க நிலத்து வழியா எடுத்துக்கிட்டுப் போனா, அந்த நிலத்துக்காரர் கையில ஒரு ஊசி குடுக்கணும். அவர் வாங்கிக்கிட்டா, அவர் சம்மதத்துலதான் போச்சுன்னு ஆயிடும். வழி உண்டாகாது. நிலம் அவருதாவே இருக்கும். அறுபத்திமூணுல உங்களுக்கு முன்னாடி இருந்த ரௌட்லெட்ஜுக்கு நான் ஒண்ணு குடுத்தேன். கதவத் தெறந்து வாங்கிக்கிட்டு, தொப்பியில குத்திக்கிட்டாரு.

டைனாதான் சொன்னா. ரெண்டு நாளைக்கு முன்னாடி. அந்த மனுஷன நீ ஏமாத்தத்தான் போறே வில்ஃப், உன்ன எனக்குத் தெரியும், ஆனா ஊசியக் குடுக்காம விட்டுடாத, நான் திருடி மாதிரிப் போக மாட்டேன்னா.

ஆமா தம்பி.

நேத்து சாயங்காலம். டீ போடவான்னு கேட்டேன், பதில் வரல. சில நேரம் அப்படித்தான் இருப்பா, மலையப் பாத்துக்கிட்டு. போட்டு எடுத்துக்கிட்டு வந்தேன். அப்பறம்தான் தெரிஞ்சுது. டாக்டரம்மா வந்து பாத்துட்டாங்க, எழுதிக் குடுத்துட்டாங்க, எல்லாம் முறையாத்தான் நடந்திருக்கு. பெட்டி சர்ச்சுல இருக்கு. நாற்காலியிலேருந்து அவள நாங்க எழுப்பல, அவ்வளவுதான்.

உசுரோடன்னு நான் சொல்லல. நீங்கதான் சொன்னீங்க. நான் இல்லன்னு சொல்லல. அதுவும் பொய்தான், எனக்குத் தெரியும். பெரிய பொய்யி. முயலுகூட இதுகிட்ட நிக்காது.

இப்ப கேளுங்க. ஜன்னல் தெறந்துதான் இருக்கு. நெட்டுக்குக் காது நல்லாக் கேக்கும். நீங்க ஒரு கொரல் குடுத்தா அப்படியே திருப்பிக் கொண்டாந்துடணும்னு சொல்லியிருக்கேன். கொண்டாந்துடுவான். ரோடு வழியா எடுத்துக்கிட்டுப் போறேன், உங்க மேல எனக்குக் கோவம் இருக்காது. ஊசிய வாங்கித்தான் ஆகணும்னு ஒண்ணும் கெடையாது. மேஜ மேல வெச்சுடுங்க, புரிஞ்சுக்கறேன்.

அதோ தூக்கிட்டாங்க. கல்லுலேருந்து கெளம்பிட்டாங்க. செவரு வரைக்கும் ஏத்தம், மெதுவாத்தான் போவாங்க. யோசிங்க.

அந்தச் செவருக்கு இந்தப் பக்கம் நின்னு அவ பாத்த மாதிரி, இன்னிக்கு நான் பாக்கறேன். இது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது பாத்துக்கோங்க. அன்னிக்கு நான்தான நடந்தேன். நடக்கறவனுக்குக் கால் பாரம் மட்டும்தான். இது வேற.

செவத்துகிட்டப் போயிட்டாங்க. முன்னாடி ரெண்டு பேரு ஏறிட்டாங்க.

என்ன தம்பி? எங்க குத்தறதுங்கறீங்களா? கோட்டுல குத்துங்க. காலர்ல. இல்ல, அந்தப் பக்கம். இருங்க, நான் குத்தி விடறேன். ம். கோணலா இருக்கு. இருக்கட்டும்.

தாண்டிட்டாங்க. தொப்பிகூடத் தெரியல.

இடது பக்கம் தம்பி. அந்தப் பக்கம் எறங்கினதும் வழி இடது பக்கமாத் திரும்பும். இப்ப அவ பாத்திருப்பா.